பன்னிரண்டு வெற்றுத் தட்டுகள்

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், படி இறங்கியதும் மூன்றாவதாக வரும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை பார்த்தாள். வாசலில் நுண்ணுயிரியல் ஆய்வகம் என்று பலகை தொங்கியது. மேலே இருக்கிற நான்கு மாடியிலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். 'ப்ளேட்டக்கா ரூம்' என்றால் நேற்றுச் சேர்ந்த காவலாளிகூடச் சரியாக வழி சொல்லிவிடுவார்.

ப்ளேட் என்பது உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட வட்டத் தட்டு. ரத்தம் கலந்த கூழ் அதில் உறைந்திருக்கும். சீழ் வடியும் காதிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து வருவதை அந்தக் கூழின் மேல் கோலக்கோடு மாதிரி இழுத்து, தட்டைப் பெரிய ஜாடிக்குள் வைத்து, கூடவே ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றி மூடுவாள். மெழுகுவர்த்தி உள்ளே இருக்கும் காற்றைத் தின்றுவிட்டுத் தானாக அணையும். காதுக் கிருமிகளில் சிலவற்றுக்கு அந்த மூச்சுமுட்டுகிற காற்றுதான் பிடிக்கும். பிறகு ஜாடியை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் தட்டைத் திறந்தால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மசியும் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சில கிருமிகளை மூக்காலேயே கண்டுபிடிப்பாள். பழுத்த திராட்சை வாசம் அடித்தால் ஒன்று, எலிப்பொந்து நாற்றம் அடித்தால் இன்னொன்று.

காதுகளை இவ்வளவு அறிந்தவளுக்கு ஒரு காதுதான். ஆறு வயதில் இடது காது வடியத் தொடங்கி ஒரு வருஷம் முழுக்க வடிந்தது. வீட்டில் பஞ்சை வைத்து அடைத்தார்கள். வடிவது நின்றபோது கேட்பதும் நின்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை மந்தம் என்றார்கள். பிறகு ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை இடது பக்கம் உட்கார்ந்து இரண்டு தரம் ஏதோ கேட்டிருக்கிறாள். இவள் தரையைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். "பொண்ணுக்கு இப்பவே இவ்வளவு திமிரா?" என்று எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் வரச் சொல்ல அவள் சம்மதிக்கவில்லை. அம்மா இருக்கிறவரை அம்மாவோடு இருந்தாள். அம்மாவும் போன பிறகு, கடல் தாண்டிக் குடியேறிவிட்ட தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நல்லா இருக்கியாக்கா?" "இருக்கேன்டா." "உடம்பைப் பார்த்துக்கோ." அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துவது கேட்கும்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ஒரு காது கேட்காது என்பது யாருக்கும் தெரியாது. தான் எங்கே உட்கார்ந்தால் எல்லோரும் வலது பக்கம் வருவார்கள் என்று கணக்குப் போட்டு உட்கார அவளுக்குப் பழகியிருந்தது. கணக்குத் தப்பும்போது 'ப்ளேட்டக்கா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள், அழுத்தக்காரி' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரே அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அழுத்தக்காரியிடம் யாரும் வம்பு பேச உட்காருவதில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைப் பெட்டியின் பக்கத்தில், அதன் மெல்லிய உறுமலோடு, தனியாகவே திறப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மிஷின் வந்தது. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். குச்சியைக் கரைசலில் கலக்கி ஒரு சின்னக் குப்பியில் விட்டு உள்ளே செருகினால், குழந்தைகளின் காதைக் கெடுக்கும் முக்கியமான மூன்று கிருமிகளில் எது இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுமாம். ஆய்வகத்துக்குப் பொறுப்பான டாக்டரம்மா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், கறாரானவர். அவர்தான் விளக்கினார்.

"முந்நூறு குழந்தைங்க சாம்பிளை ரெண்டு விதமாவும் பார்க்கணும்க்கா. உங்க ப்ளேட்லயும் பார்க்கணும், மிஷின்லயும் பார்க்கணும். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு தெரிஞ்ச பிறகுதான் மிஷினை நம்பலாம். அதுவரைக்கும் மிஷின் சொல்றதை மேலே டாக்டர்களுக்குச் சொல்லவே கூடாது. கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்ட குடுத்துடுங்க. வைத்தியம் எப்பவும் போல ப்ளேட்டை வச்சுத்தான். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

பக்கத்து ரத்தப் பரிசோதனை அறைக்காரர் வாசலிலேயே நின்று சிரித்தார். "என்னக்கா, உங்க பொழப்புல மண்ணா? ரெண்டு நாள் வேலையை ஒரு மணி நேரத்துல முடிக்குதாமே!"

"அதுக்கு மூக்கு இருக்கா?" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு வாரத்துக்கு அவள் யாரோடும் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

முதல் நாற்பது சாம்பிள் வரை மிஷினும் தட்டும் கை கோத்துக்கொண்டு போயின. நாற்பத்தொன்றில் பிரிந்தன. மிஷின் நிமோகாக்கஸ் கிருமி இருக்கிறது என்றது. தட்டிலோ இரண்டு நாள் கழித்தும் ஒன்றும் முளைக்கவில்லை. கூழ் கழுவி விட்ட தரை மாதிரி பளபளவென்று கிடந்தது. அவள் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பினாள். மிஷின் சொன்னதைக் கவரில் போட்டு ஒட்டினாள். பிறகு ஏனோ மனசு கேட்காமல், தன் சட்டைப்பை அளவுச் சின்ன நோட்டில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

அப்படிக் குறித்த எண்கள் மெல்ல மெல்லக் கூடின. சாம்பிளோடு வரும் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. தட்டு வெறுமையாக இருந்த குழந்தைகள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே எங்கேயோ இரண்டு மூன்று வேளை மருந்து குடித்தவர்கள். கிருமி அரை உயிராய்க் கிடந்தால் தட்டில் முளைக்காது, ஆனால் அதன் தடம் மிஷினுக்குத் தெரியும். அந்தத் தடம் செத்த பாம்பினுடையதா, பதுங்கின பாம்பினுடையதா? அது மிஷினுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாரிடமும் போய் எதையும் கேட்காமலே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள். கால் படியேற மறந்திருந்தது.

நூற்று எண்பத்தெட்டாவது சாம்பிள் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தையுடையது. வலது காது. மிஷின் இருக்கிறது என்றது, தட்டு இல்லை என்றது. பத்து நாளில் அதே குழந்தையின் சாம்பிள் மறுபடி வந்தது. எண் மட்டும் மாறி இருநூற்று மூன்று. அதே கதை. அறிக்கையில் இரண்டாம் முறையும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதும்போது அவளுக்குப் பேனா ஓடவில்லை. எழுதத்தான் எழுதினாள்.

மூன்றாம் முறை அந்தக் குழந்தையின் குச்சி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இருநூற்றுப் பத்தொன்பது. சீட்டில் காது டாக்டர் தன் கோழிக் கிறுக்கலில் 'நேற்று முதல் காய்ச்சல்' என்று சேர்த்திருந்தார். அவள் தட்டில் கோடு இழுத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜாடியை மூடினாள். குப்பியை மிஷினில் செருகிவிட்டு ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். வேறு வேலை ஓடவில்லை. மிஷின் மறுபடியும் இருக்கிறது என்றது. இந்த முறை முன்பைவிடச் சீக்கிரமாகவே திரையில் கோடு ஏறியது. சீக்கிரம் ஏறினால் கிருமி அதிகம் என்று பொருள்.

டாக்டரம்மா அறைக்கு இன்டர்காமில் கூப்பிட்டாள். மீட்டிங்குக்கு வெளியே போயிருக்கிறார், மத்தியானம்தான் வருவார் என்றார்கள். மணி பதினொன்றரை. புறநோயாளிப் பிரிவு ஒரு மணிக்கு மூடிவிடும். தட்டு பேச வியாழக்கிழமை ஆகும். அப்போதும் அது பேசப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கவரை எடுத்தாள். ஒட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படி ஏறினாள்.

காது டாக்டரின் அறை வாசலில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். ஏழெட்டுக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாகச் சீழை மட்டும் பார்த்தவளுக்கு, அதற்குப் பின்னால் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வரிசையைத் தாண்டி உள்ளே போய் நின்றாள்.

"டாக்டர், இருநூத்திப் பத்தொன்பது."

அவர் நிமிர்ந்தார். "என்ன இருநூத்திப் பத்தொன்பது? நீங்க... கீழே லேப்தானே?"

"பேர் தெரியாது டாக்டர். மூணு வயசுப் பொண்ணு. வலது காது. இன்னிக்கு மூணாவது தடவையா அனுப்பியிருக்கீங்க."

"அந்தக் குழந்தையா? சொட்டு மருந்து மட்டும் எழுதி இப்பதான் அனுப்பினேன். ரெண்டு தடவையும் ஒண்ணும் வளரலைன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"வளரல. ஆனா இருக்கு டாக்டர். மூணு தடவையும் இருந்தது. மிஷின் சொல்லுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை எங்கிட்ட சொல்லக் கூடாதே."

"கூடாதுதான்."

கவரை அவர் முன்னால் நீட்டினாள். டாக்டர் அதைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நர்ஸை விரட்டினார். மருந்து வாங்கும் வரிசையிலிருந்து அந்தத் தாயையும் குழந்தையையும் கூட்டி வந்தார்கள். குழந்தை அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் தோளில் துவண்டு கிடந்தது. டாக்டர் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை விரலால் மெல்ல அழுத்தினார். அவ்வளவுதான், அந்தத் துவண்ட உடம்பு வில்லாக வளைந்தது. மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்க்க அவர் துணியவில்லை.

"எலும்புக்குப் போக ஆரம்பிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "இன்னிக்கே சேர்க்கணும். நரம்பு வழியா மருந்து போடணும். ரெண்டு நாள் விட்டிருந்தா மூளைப் பக்கம் போயிருக்கும்."

தாய் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கதவோரம் நின்றவளின் இடது பக்கம் வந்து ஏதோ கேட்டாள். இவளுக்குக் கேட்கவில்லை. தாய் மறுபடி கேட்டுவிட்டு, பதில் வராததால் முகம் சுருங்கி விலகிப் போனாள். அவள் திரும்பிப் பார்த்தபோது தாயும் குழந்தையும் வார்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். படி இறங்கி வந்து மத்தியான டப்பாவைத் திறந்தாள். சாப்பிடாமலே மூடினாள்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"காது டாக்டர் எல்லாம் சொன்னார். குழந்தை பிழைச்சது, சந்தோஷம். ஆனா நீங்க செஞ்சது விதிமீறல். தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்."

"ஒரு குழந்தைக்கு ஓடிப் போய்ச் சொன்னீங்க. மத்த குழந்தைங்க? அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க? ஆளுக்கொரு நியாயமா? இதுக்குத்தான் விதின்னு ஒண்ணு வச்சிருக்கு."

கோபத்தில் கேட்ட கேள்விதான். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. அவள் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னும் பதினோரு குழந்தைங்க இருக்கு டாக்டர். மிஷின் இருக்குன்னுது, ப்ளேட் இல்லைன்னுது."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே தேதி, வயது, எந்தக் காது, முன்பே மருந்து குடித்ததா இல்லையா, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. நாற்காலியில் சாய்ந்தார். கவர்கள் ஒட்டியபடியே அவருடைய இரும்பு அலமாரியில் அடுக்கியிருந்தன. ஆய்வு முடிகிறவரை அவரும் பிரிக்கக் கூடாது.

"முதல்ல வந்தது பதினாலு வாரத்துக்கு முன்னாடி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நீங்க கேக்கல. எனக்கும் யார்கிட்டயும் போய்ப் பேசிப் பழக்கமில்ல."

டாக்டரம்மா நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

நான்கு நாளில் ஆய்வுக் குழு கூடியது. இனி மிஷினும் தட்டும் முரண்பட்டால் டாக்டருக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். விதியை மீறியதற்கு அவளிடம் எழுத்தில் விளக்கம் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். ஆய்விலிருந்தும் விலக்கினார்கள். மீதிச் சாம்பிள்கள் ரத்தப் பரிசோதனைக்காரர் கைக்குப் போயின. அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு வீட்டுக்கும் போன் செய்து குழந்தைகளை வரச்சொல்ல வேண்டும். "நீங்களே பேசுங்க" என்றார் டாக்டரம்மா. தண்டனையா நம்பிக்கையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குழு கூடிய மறுநாள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, போனை வலது காதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் வீட்டில் "யாரு?" என்று கேட்டதற்கே பதில் சொல்லத் தடுமாறினாள். ப்ளேட்டக்கா என்று சொல்ல முடியாதே. "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க குழந்தையோட காது இப்ப எப்படி இருக்கு?" இந்த ஒரு வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாள். ஏழு குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகியிருந்தது. அதில் ஒரு தாய், "மூணு மாசம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துதா? நல்ல ஆஸ்பத்திரி!" என்று பிடிபிடியென்று பிடித்தாள். நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு குழந்தைகளுக்கு இன்னும் வடிந்துகொண்டிருந்தது, நாளைக்கே கூட்டி வருகிறோம் என்றார்கள். ஒரு வீட்டின் போன் எண் புழக்கத்தில் இல்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கடைசிவரை தெரியவே இல்லை.

மிச்சம் இருந்தது நாற்பத்தொன்றாவது சாம்பிள். ஐந்து வயதுப் பையன், வலது காது.

"அதெல்லாம் நின்னு போச்சுங்க" என்றாள் தாய். "காது நல்லா இருக்கு. இவன்தான் கெட்டுப் போயிட்டான். கூப்பிட்டா திரும்பறதே இல்ல. டீச்சரும் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. திமிர்னு அவங்க அப்பா நேத்துகூட நாலு வச்சார்."

தாளைத் திருப்பினாள். அதில் அடுத்த வரி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அது திமிர் இல்லம்மா" என்றாள்.

"என்னங்க?"

"திமிர் இல்ல. அவனுக்குக் கேக்கல. அடிக்க வேண்டாம்னு அவங்க அப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க அவனோட வலது பக்கம் நின்னு கூப்பிடுறீங்க, அவ்வளவுதான். இடது பக்கம் வந்து கூப்பிட்டுப் பாருங்க, திரும்புவான். கிளாஸ்ல வலது பக்கச் சுவரோரமா உட்கார வையுங்க, அப்ப டீச்சர் இருக்கறது அவனுக்குக் கேக்கற பக்கமாயிடும். ரோடு கிராஸ் பண்றப்ப கையை விடாதீங்க, வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு சத்தத்தை வச்சு அவனுக்குத் தெரியாது. நாலு பேர் பேசற இடத்துல அவன் சும்மா உட்கார்ந்திருந்தா, அழுத்தக்காரன்னு நினைக்காதீங்க. பேச்சு எங்கேர்ந்து வருதுன்னு தேடிட்டிருப்பான்."

அந்தப் பக்கம் தாயின் குரல் உடைந்தது. "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நீங்க டாக்டரா?"

"இல்ல. எனக்கும் ஒரு காது கேக்காது."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அந்தக் கட்டடத்துக்குள் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டவள் முகம் தெரியாத யாரோ. தாய் அழுதாள். அழுது முடிக்கிறவரை இவள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, வைத்துவிடவும் மனம் வரவில்லை.

பையனை அழைத்து வந்து பரிசோதித்தார்கள். செவிப்பறையில் ஓட்டை. கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒட்டுப் போட்டால் ஓரளவு கேட்கும் என்றார் காது டாக்டர். "அன்னிக்கே மருந்து குடுத்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். யாரால சொல்ல முடியும்? நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அவளிடமும் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து நாற்பத்தொன்று என்கிற எண் எங்கே கண்ணில் பட்டாலும், பஸ்ஸிலோ வீட்டுக் கதவிலோ, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தத் தாய் இரண்டு தடவை போன் செய்தாள். பையனை இடம் மாற்றி உட்கார வைத்தது பற்றி, அவன் அப்பா இப்போது அடிப்பதில்லை என்பது பற்றிப் பேசினாள். அப்புறம் அழைப்பு இல்லை. தானாகக் கூப்பிடலாமா என்று இவள் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை யோசித்தாள். என்ன சாக்குச் சொல்லிக் கூப்பிடுவது?

மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது. காது தப்பித்தது என்று ஆயா வந்து சொன்னாள். தாய் அடித்தளத்துக்கு வரவில்லை. கீழே இப்படி ஒருத்தி இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வு முடிந்து மிஷின் தேறியது. அதை மேலே, காது டாக்டர் அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். குச்சி கீழே வருவது நின்றது. சிக்கலான கேஸ், மருந்துக்கு மசியாத கேஸ் என்று எப்போதாவது ஒன்றிரண்டு வரும். மற்றபடி ரத்தம், சிறுநீர் என்று அவளுக்கு வேலை இருக்கத்தான் செய்தது. ஆனால் பெட்டியின் மேல் அடுக்கில் ஜாடிகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

ஒரு புதன்கிழமை, ஏதோ கையெழுத்து வாங்க மேலே போனவள், காது டாக்டர் வாசல் பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு தாய், மடியில் காதைப் பொத்திக்கொண்டு சிணுங்கும் குழந்தை. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் ஆகும்னாங்க" என்றாள் தாய். "ரொம்ப நேரம்ல?"

"ரொம்ப இல்ல" என்றாள்.

"நீங்க யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"யாரையும் இல்ல. இங்கதான் வேலை."

தாய் குழந்தையை மடியில் மாற்றிக் கிடத்தியபோது அதன் பாதம் அவள் கைமேல் வந்து படிந்தது. சூடாக இருந்தது. கையை எடுக்காமல் இருந்தாள். அப்படியே குழந்தை தூங்கிப்போனது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். தாய் குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். என்ன கிருமி, என்ன மருந்து என்று வெளியே கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் கையில் சீட்டோடு வந்து, போகிற போக்கில் இவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மருந்து வரிசைக்கு ஓடினாள்.

அவள் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கீழே பதினாறு சிறுநீர்ச் சாம்பிள்கள் காத்துக்கொண்டிருந்தன.